இலங்கை மலையக அருவித் தடாகங்களில் குளிக்கப் போகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் அருவிக்குப் பஞ்சமில்லை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பஸ்ஸில் போனாலே சன்னலோரத்தில் இருந்தபடி இரண்டு மூன்றைப் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு வருவதற்கு வழிகாட்டி எதற்கு? இறங்கிக் குளிப்பதற்குத்தான் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

பாறையைக் குடைந்து தண்ணீர் தேங்கி நிற்கும் அந்தத் தடாகங்கள் போட்டோவில் நீச்சல் குளம் மாதிரித் தெரியும். உண்மையில் அவை ஓடிக்கொண்டிருக்கும் ஓயாவின், அதாவது ஆற்றின், ஒரு துண்டுதான். மேலே சில கிலோமீட்டர் தள்ளி மழை கொட்டினாலும், அணைக்கட்டின் கதவைத் திறந்தாலும், அது கொஞ்ச நேரத்தில் உங்கள் காலடிக்கு வந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே பல்லவிதான்: தண்ணீரைப் பார்க்கும் முன் மேலே பாருங்கள்.

முதலில் இடத்தைத் தெரிவு செய்யுங்கள்

எல்லா அருவியும் குளிப்பதற்கானது அல்ல. இலங்கையிலேயே உயரமானது பம்பரகந்த, 263 மீட்டர். ஹல்துமுல்லைக்கு இப்பால் களுபஹனவில் ஏ4 வீதியை விட்டு உள்ளே போக வேண்டும். அண்ணாந்து பார்ப்பதற்கென்றே அமைந்த அருவி அது, கோடையில் ஒரு வெள்ளை நூலாக இளைத்துவிடும். பதுளைக்குப் பக்கத்தில் இருக்கும் 64 மீட்டர் துன்ஹிந்தவும் பார்க்கிற அருவிதான். நடைபாதை இருக்கிறது, வயதானவர்களைக் கூட்டிப் போகலாம், சாரலில் நனைந்துவிட்டுத் திரும்பலாம். ஹோட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் அருவியில் இறங்கவே கூடாது. அது தேசியப் பூங்கா, அங்கே குளிக்கத் தடை.

எல்ல–வெல்லவாய வீதியில் பாலத்தடியிலேயே விழும் இராவணன் அருவிக்குப் போவது மிகச் சுலபம். பஸ் வாசலில் இறக்கிவிடும். சுலபம் என்பதாலேயே கூட்டம் அதிகம், பல ஆயிரம் கால்கள் மிதித்த பாறை கண்ணாடியாக வழுக்கும். கையில் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தால் குரங்கு பறித்துக்கொண்டு போகும். அடிவாரத்தில் காலை நனைத்துக்கொள்ளுங்கள், பாறையில் ஏற வேண்டாம். குருவிட்டப் பக்கமுள்ள போபத் எல்லவிலும் கினிகத்தேனைப் பக்கமுள்ள அபர்டீன் அருவியிலும் அடியிலுள்ள மடு ஆழமானது. இரண்டிலும் ஆட்கள் மூழ்கியிருக்கிறார்கள். முதல் தடவை வருகிறவருக்கு இந்த இரண்டையும் நான் சொல்லமாட்டேன்.

குளிப்பதற்கென்றே வருகிறவர்கள் பெரும்பாலும் தேடிப் போவது தியலுமவை. 220 மீட்டர், உயரத்தில் நாட்டின் இரண்டாவது அருவி. கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் நடுவில், ஏ4 வீதியில் நின்றே முழு உயரத்தையும் பார்க்கலாம். ஆனால் குளிக்கும் இடம் கீழே இல்லை. அருவி விழுவதற்கு முன்னால், மலைக்கு மேலே, பூனாகலை ஓயா படிப்படியாக இறங்கும் பாறைத் தட்டுகளில் தடாகங்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் உதாரணம் சொல்லும் இடமெல்லாம் பெரும்பாலும் தியலுமவைத்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

எப்போது போவது

மலையகத்துக்கு இரண்டு முதுகு. மேற்குச் சரிவான ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனை, இரத்தினபுரிப் பக்கங்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழை தரும். கிழக்குச் சரிவான பதுளை, எல்ல, கொஸ்லந்தைப் பக்கத்துக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. இரண்டுக்கும் நடுவே மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் இடைப்பருவ மழை. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், மதியத்துக்குப் பிறகு இடியும் மின்னலுமாகக் கொட்டும். ஏமாற்றுகிற காலம் இதுதான்.

தியலுமவுக்கு வடகீழ் மழை அடங்கிய பெப்ரவரிக் கடைசியும் மார்ச் தொடக்கமும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் அருவி மெலிந்திருக்கும். நீச்சல் சரியாக வராதவர்களுக்கு அந்த மெலிந்த தண்ணீர்தான் வசதி. ஒக்டோபர், நவம்பரில் அந்தப் பக்கமே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடிப் பலரைப் பலிகொண்ட மீரியபெத்த மண்சரிவு நடந்தது இதே கொஸ்லந்தையில்தான். மழைக்காலத்தில் அங்கே தண்ணீரோடு மலையும் சேர்ந்து இறங்கும்.

போவதற்கு முதல் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் பிரதேசவாரியாக வெளியிடும். நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் அதில் எந்த நிறத்தில் இருந்தாலும் பயணத்தை ஒத்திப்போடுங்கள். ஹோட்டலுக்குக் கட்டிய காசு போகட்டும்.

அன்றைய நேரக்கணக்கு எளிது. காலை எட்டு மணிக்குத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருங்கள், பகல் பன்னிரண்டரைக்குக் கரையேறி நடக்கத் தொடங்குங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு, ஆறு ஆறரைக்கு இருட்டு மளமளவென்று விழும். அந்திமாலை என்று நீண்ட நேரம் கிடைக்காது.

போய்ச் சேர்வது

ரயிலில் வருகிறவர்கள் ஹப்புத்தளையில் இறங்கி, பெரகல வழியாக வெல்லவாய போகும் பஸ்ஸைப் பிடித்தால் கொஸ்லந்தை வரும். மலையக ரயில் பாதை மழைக்காலத்தில் மண்சரிவால் அடிக்கடி தடைப்படும், புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கொஸ்லந்தையிலிருந்து மேல் தடாகங்களுக்குப் போகும் பாதை தொடங்கும் இடம் வரை முச்சக்கர வண்டியில் போய்விடலாம். ஏறும் முன்பே கூலியைப் பேசுங்கள். திரும்பக் கூட்டிப்போக எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் வரவில்லையென்றால் தேடுவதற்கு ஒரு ஆள் இருக்கிறார் என்பது இதில் கூடுதல் லாபம்.

அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நடை. மானாப்புல் ஆளுயரம் வளர்ந்திருக்கும் வெட்டவெளி, நிழல் கிடையாது. புல்லுக்குள் பாதை இரண்டாய் மூன்றாய்ப் பிரியும். ஊர்ப் பையன்கள் வழிகாட்டக் கூட வருவார்கள். முதல் தடவை என்றால் ஒருவரைக் கூட்டிப்போங்கள். வழி காட்டுவதைவிட, எந்தத் தடாகத்தில் எங்கே கிடங்கு (ஆழமான பள்ளம்), எங்கே பாறை என்று அவருக்குத் தெரியும் என்பதுதான் பெரிது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. தோட்டங்களில் இருப்பவர்கள் தமிழர்கள். வெளிநாட்டுப் பயணி கைச்சாடை காட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் நீங்கள் வாய்விட்டுக் கேட்கலாம். கொழுந்து பறிக்கிற அக்காவிடமோ தேநீர்க் கடை அண்ணனிடமோ, "ராத்திரி மேல மழை பேஞ்சுச்சாண்ணே? இன்னைக்குத் தண்ணியில எறங்கலாமா?" என்று கேளுங்கள். "எறங்கலாம், எறங்கலாம்" என்று சும்மா சொன்னால் விடாதீர்கள். "உங்க வீட்டுப் பிள்ளைங்கள இன்னைக்கு விடுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

பையில் என்ன

ரப்பர்ச் செருப்பு வேண்டாம். ஈரப்பாறையில் பிடிக்கும் அடிப்பாகமுள்ள, கணுக்காலில் வார் போட்டுக் கட்டும் செருப்போ பழைய கன்வஸ் சப்பாத்தோ போதும். அதோடேயே தண்ணீரில் இறங்குங்கள். குளிக்க ரீ-ஷேர்ட்டும் அரைக்காற்சட்டையும் சரி. ஊர்ப் பெண்கள் ஓடையில் குறுக்குக்கட்டோடு குளிப்பார்கள், அது முழங்காலளவுத் தண்ணீருக்குச் சரி. ஆழத்தில் ஈரத்துணி காலைச் சுற்றும். சாரமும் (கைலி) ஜீன்ஸும் அதே கதைதான்.

இன்னும் கொஞ்சம் சாமான்: குடிதண்ணீர், துவாய், மாற்றுடை, காயத்துக்கு மருந்து, பத்துப் பதினைந்து மீட்டர் நைலோன் கயிறு, மூடியோடு இரண்டு பெரிய வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல். கயிறும் போத்தலும் எதற்கென்று பின்னால் சொல்கிறேன். சாராயம் வேண்டாம். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினவர்களின் கதையை எந்த அருவிக்குப் போனாலும் ஊர்க்காரர் சொல்வார்.

வழியில் அட்டையும் குளவியும்

ஈரமான காட்டுப்பாதையில் அட்டை ஏறும். சிங்கராஜா, நக்கிள்ஸ் பக்கம் மிக அதிகம், தியலுமவின் புல்வெளியில் வெயில் நாளில் குறைவு. காற்சட்டைக் காலைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, காலுறைமேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் நெருப்புக்குச்சியால் சுட வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். மெல்லிய முனைதான் வாய்; அங்கே நகத்தைத் தோலோடு சேர்த்து வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கடிவாய் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். கழுவி, துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.

குளவி அப்படியல்ல. தோட்டத்தில் குளவி கொட்டி இறந்துபோன தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பாறை முகட்டிலும் மரக்கிளையிலும் கூடு கண்டால் சத்தம் போடாமல், புகை போடாமல், கல்லெறியாமல் விலகிப் போங்கள். ட்ரோன் பறக்கவிடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

இறங்கும் முன் கால் மணி நேரம்

தண்ணீரைக் கண்டதும் உடுப்பைக் கழற்றிவிட்டுப் பாயத்தான் மனம் சொல்லும். வேர்த்துக் கொட்டி நடந்து வந்திருப்பீர்கள். ஆனாலும் கால் மணி நேரம் கரையில் உட்காருங்கள். பார்க்க நிறைய இருக்கிறது.

மேலே பாருங்கள். ஓயா வரும் திசையில் மலைமுகட்டில் கறுத்த முகில் இருந்தால், தலைக்கு மேலே வெயில் அடித்தாலும் இன்று குளியல் இல்லை. அருவிக்கு மேலே அணைக்கட்டு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. தலவாக்கலையிலுள்ள சென் கிளேயர் அருவிக்கு மேலே மேல் கொத்மலை நீர்த்தேக்கம். லக்சபான அருவிக்கு மேலே மஸ்கெலியா ஓயாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கம். அபர்டீனுக்கு மேலே கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீயும் நோட்டன் பிரிட்ஜும். நீர்த்தேக்கம் நிரம்பினால் வான்கதவு திறப்பார்கள். அப்போது சங்கு ஊதினாலும், அருவி இரைச்சலில் தடாகத்தில் இருப்பவர் காதில் விழும் என்று நம்ப முடியாது. மழைக்காலத்தில் அணைக்குக் கீழான மடுக்களில் இறங்காமல் இருப்பதுதான் புத்தி.

அடுத்து கரையைப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாறையில் ஒரு கறை ஓடியிருக்கும், அதற்கும் மேலே செடிகொடிகளில் காய்ந்த சருகும் குச்சியும் கந்தல் பொலித்தீனும் சிக்கித் தொங்கும். கடைசி வெள்ளம் ஏறின உயரம் அது. உங்கள் தலைக்கு மேலே தொங்கினால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமே ஓயாவின் அடிதான் என்று அர்த்தம். பையைக் கொண்டுபோய் அந்தக் கோட்டுக்கு மேலே வையுங்கள். தண்ணீர் ஏறினால் எந்த வழியாக ஓடி ஏறுவது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். எதிர்க்கரையில் போய் உட்காரும் ஆசை வேண்டாம். வெள்ளம் வந்தால் திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பிறகு தண்ணீரை. ஒரு பச்சை இலையைக் கிள்ளி மேல்முனையில் போட்டுவிட்டு அது போகும் வழியைக் கவனியுங்கள். கொஞ்சம் மிதக்கும், சுற்றும், கரையோரம் ஒதுங்கும். அப்படியென்றால் நல்லது. நேராகக் கீழ்வாய்க்கு விரைந்து போனால் நீங்களும் அப்படித்தான் போவீர்கள். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி உள்ளே இழுபட்டு வேறோர் இடத்தில் வெளியே வந்தால் அது சுழி, அந்தத் தடாகத்தை விட்டுவிடுங்கள். நாலைந்து இலை போட்டுப் பாருங்கள், வெவ்வேறு இடத்தில்.

அருவி நேராக விழும் இடத்தில் தண்ணீர் நுரைத்து வெள்ளையாக இருக்கும். பாதி காற்று அது. காற்று கலந்த தண்ணீர் உடம்பைத் தாங்காது, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதில் தாழ்வார். விழுகிற தண்ணீர் அடிக்குப் போய் மேலே திரும்பி மறுபடி அருவிப் பக்கமே இழுக்கும். அருவிக்கடியில் தலையைக் கொடுத்து நிற்கும் ஆசை முழங்கால் ஆழமுள்ள சின்ன அருவிகளுக்கு மட்டும். அங்கும் கல்லோ கட்டையோ மேலிருந்து வரலாம்.

இறங்குவது

நடந்து இறங்குங்கள், குதிக்காதீர்கள். ஊர்ப் பையன் பாறையிலிருந்து பாய்கிறான் என்றால் அவனுக்கு அந்தக் கிடங்கு நன்றாகப் பழக்கம். போன வெள்ளத்தில் உருண்டு வந்த பாறை எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மதிய வெயிலில் சூடேறிய உடம்போடு மலைத்தண்ணீரில் விழுந்தால் மூச்சு ஒருகணம் திக்கென்று இழுக்கும், தலை உள்ளே இருக்கும்போது அந்த இழுப்பு வந்தால் தண்ணீரைத்தான் குடிப்பீர்கள்.

பாறையில் பச்சைப் பாசியைக் கண்டு எல்லாரும் ஒதுங்குவார்கள். விழுத்துவது பெரும்பாலும் கறுப்பாக, ஈரமாக, சும்மா பளபளக்கிற இடம். அதிலும் பாசி மெல்லிய படலமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் உட்கார்ந்து, கையை ஊன்றி, நகர்ந்து இறங்குங்கள். அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

முதலில் நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் இறங்கி ஆழம் பார்க்கட்டும். மற்றவர்கள் நெஞ்சளவைத் தாண்ட வேண்டாம். பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரம் போதாது. கரையில் எப்போதும் ஒருவர் உலர்ந்தபடி இருக்கட்டும். அவருடைய வேலை மேலே பார்த்துக்கொண்டிருப்பது. தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், சற்று முன் வெளியே தெரிந்த கல் மறைந்தால் அவர் கத்த வேண்டும். கத்தினதும் கேள்வி கேட்காமல் எல்லாரும் கரையேற வேண்டும். இடி கேட்டாலும் அதேதான்.

சவர்க்காரம், ஷாம்பு வேண்டாம். கீழே லயங்களுக்குக் குடிக்கப் போகும் தண்ணீர் இதுவாகவும் இருக்கலாம்.

தியலும விளிம்பு

கடைசித் தட்டுத் தடாகத்துக்கு அப்பால் 220 மீட்டர் வெறும் காற்று. அந்த விளிம்பில் கையை விரித்துப் படுத்திருக்கும் படங்களைப் பார்த்துத்தான் பலர் வருகிறார்கள். அங்கே விழுந்து உயிர் போனவர்களும் உண்டு. என் கருத்து இது: மேல்தட்டுத் தடாகங்களிலேயே குளியுங்கள், அவைதான் அகலமும் அமைதியும். விளிம்பைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் உலர்ந்த பாறையில், தண்ணீர்ப் பாதையிலிருந்து ஒதுங்கி, குப்புறப் படுத்து எட்டிப் பாருங்கள். ஈரப்பாறையில் எழுந்து நின்று, முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் விளிம்புப் பக்கமே போக வேண்டாம்.

ஏதாவது நடந்துவிட்டால்

ஓட்டம் உங்களை இழுத்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். வேகத்தண்ணீரில் கால் பாறை இடுக்கில் மாட்டினால் ஓட்டம் உடம்பை மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து, கால் முன்னே போகும்படி, பாதத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி மிதந்து, கையால் தள்ளிக் கரைப்பக்கம் சாயுங்கள். இது அருவிக்குக் கீழே உள்ள ஓட்டத்துக்கு. அருவிக்கு மேலே இழுத்தால் மிதக்க நேரமில்லை, உடனே பக்கத்துக் கரையைப் பார்த்து முழு மூச்சாக நீந்துங்கள்.

இன்னொருவர் மூழ்கினால் பின்னால் பாயாதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேராகப் போன குடும்பங்கள் இருக்கின்றன. கயிறு அதற்குத்தான். வெற்றுப் போத்தலின் மூடியை இறுக்கி, கயிற்று நுனியில் கட்டி, அவரைத் தாண்டி விழும்படி எறியுங்கள். பிடித்ததும் நீங்கள் உட்கார்ந்துகொண்டு இழுங்கள், நின்றால் உங்களையும் இழுத்துவிடும். கயிறில்லையென்றால் நீளக் கம்பு, முடிச்சுப் போட்ட சாரம்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்குவது எல்லாம் வேண்டாம். முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை மூச்சுக் கொடுங்கள், பிறகு முப்பது தடவை நெஞ்சை அழுத்தி இரண்டு மூச்சு என்று தொடருங்கள். வேறொருவர் 1990-க்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம், நாடு முழுக்க வரும். பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாமல் போகலாம், அதனால் வரும்போதே கடைசியாக எங்கே சிக்னல் இருந்தது என்று கவனித்து வையுங்கள்.

திரும்பிய பின்

கொண்டுபோன பொலித்தீனை மட்டுமல்ல, கண்ணில் பட்டதையும் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். உடைந்த போத்தல் அடுத்து வருகிறவரின் பாதத்துக்குத்தான் போகும்.

அப்புறம் எலிக்காய்ச்சல். இலங்கையில் இது வயல்காரர்களுக்கு மட்டும் வரும் நோயல்ல. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த ஓடைத் தண்ணீரிலும் இருக்கும், சிராய்ப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். உடம்பில் ஆறாத புண் இருந்தால் குளியலைத் தள்ளிப்போடுங்கள். மழைக்குப் பிறகான கலங்கல் தண்ணீரில் ஆபத்து அதிகம். அறிகுறி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும்: காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு. ஊர் திரும்பி அருவியை மறந்திருப்பீர்கள், சாதாரணக் காய்ச்சல் என்று பரசிட்டமோல் போட்டுக்கொண்டு கிடப்பீர்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போய், "இந்தத் தேதியில் அருவியில் குளித்தேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.